விழுந்தது யார் தப்பு? (சைக்கிள் பிரேம் பற்றி ஒரு பாடம்)

போன மாதத் தாளில் எட்டாம் வகுப்புத் தம்பிகள் மண்புழு உரம் பற்றி எழுதியிருந்தார்கள். நன்றாக இருந்தது. இந்த மாதம் அறிவியல் பக்கம் எங்கள் வகுப்பு முறை. நான் சைக்கிள் பிரேம் பற்றி எழுதுகிறேன். சைக்கிளில் எழுத என்ன இருக்கு, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே என்று நினைக்காதீர்கள். ஆடி மாதம் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆடி மாதம் குளத்து முக்கில் நான் சைக்கிளோடு விழுந்தது பாதிப் பேருக்குத் தெரியும். சிலர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் வேகமாகப் போகவில்லை. ரோட்டில் மணல் இல்லை. நாயும் குறுக்கே வரவில்லை. ஹேண்டில் பாரை இடது பக்கம் திருப்பினேன். திருப்பினால் முன் சக்கரத்தின் பின்பாதி வலது பக்கம் வரும் இல்லையா? அப்போது வலது கால் செருப்பின் நுனி மட்கார்டில் போய் மாட்டியது. அவ்வளவுதான், கீழே கிடந்தேன். இது மூன்றாவது தடவை. "இவளுக்கு பேலன்ஸே வராது, பஸ்ஸுல போகட்டும்" என்று அண்ணன் வீட்டில் சொல்லிவிட்டான். எங்க ஊருக்குக் காலையில் பஸ் ஏழு மணிக்கு ஒண்ணு, ஒன்பதரைக்கு ஒண்ணு. ஏழு மணி பஸ்ஸுன்னா தண்ணி எடுத்து வைக்க முடியாது. ஒன்பதரைன்னா பிரேயரும் முதல் பீரியடும் போயிடும். அதனால் எனக்கு இது பரீட்சைக்குப் படிக்கிற பாடம் மாதிரி இல்லை.

அப்பா சைக்கிளைப் பட்டறைக்குக் கொண்டு போனபோது நானும் கூடப் போனேன். பட்டறை மாமா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, துணியால் துடைத்துவிட்டு, "இங்க பாரு பாப்பா" என்று கூப்பிட்டுக் காட்டினார். ஹேண்டில் பார் இறங்கும் குட்டைக் குழாய் இருக்கிறதே, அதிலிருந்து பெடல் பக்கம் சாய்ந்து வரும் பெரிய பைப்பின் அடியில் பெயின்ட் தடித்துப் புடைத்திருந்தது. அதன் நடுவே தலைமுடி மாதிரி ஒரு விரிசல். முன் போர்க்கும் பின்பக்கமாக உள்ளே வாங்கியிருந்தது. "இது எங்கியோ நேரா மோதின வண்டி" என்றார். கோடை விடுமுறையில் மதகுக் கட்டையில் மோதியது யார் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. என்னைப் பஸ்ஸில் போகச் சொன்னவர்தான் என்று மட்டும் எழுதுகிறேன்.

விரிசல் ஏன் சரியாக அந்த இடத்தில் வந்தது? இதைத்தான் முதலில் டீச்சரிடம் கேட்டேன். டீச்சர் பதில் சொல்லாமல், தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் டியூபும் கொண்டு வரச் சொன்னார். நீங்களும் செய்து பாருங்கள். வால்வ் டியூபைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, அதன் இரண்டு பக்கமும் தீக்குச்சியைச் செருகினால் மூட்டு மாதிரி ஆகிவிடும். நான்கு குச்சியில் சதுரம் செய்து ஒரு மூலையை அழுத்தினால் சாய்ந்து படுத்துவிடும். மூன்று குச்சியில் முக்கோணம் செய்து அழுத்துங்கள். குச்சி உடைந்தாலும் உடையும், உருவம் மாறாது. காரணம் நம்ம கணக்குப் பாடத்திலேயே இருக்கிறது. மூன்று பக்கங்களின் நீளம் முடிவாகிவிட்டால் கோணங்களும் முடிவாகிவிடும். நான்கு பக்கத்துக்கு அப்படி இல்லை.

இப்போது பார் வைத்த பெரிய சைக்கிளைப் பாருங்கள். சீட்டுக்குக் கீழே நிற்கும் பைப்புக்குப் பின்னால், இரண்டு பக்கமும் ஒவ்வொரு முக்கோணம். முன்னால் பார், சாய்வு பைப், சீட் பைப் மூன்றும் சேர்ந்து இன்னொன்று. உண்மையில் முன்னால் இருப்பது முழு முக்கோணம் இல்லை. ஹேண்டில் இறங்கும் குட்டைக் குழாய் நான்காவது பக்கமாக இருக்கிறது. ஆனால் அது ரொம்பச் சின்னதாக இருப்பதால் ஏறக்குறைய முக்கோணம் மாதிரியே வேலை செய்கிறது. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 1885-இல் ரோவர் என்ற சைக்கிளைக் கொண்டு வந்தார். இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, பின் சக்கரத்துக்குச் செயின். அதற்கு அடுத்த சில வருடங்களில் இந்த முக்கோண வடிவம் படிந்துவிட்டது. இன்றைக்கும் உலகம் முழுவதும் அதுதான்.

பெண்கள் சைக்கிளில் அந்தப் பாரை எடுத்துவிடுகிறார்கள். பாவாடையோடு ஏறி இறங்க வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்திலேயே பாரைக் கீழே இறக்கிவிட்டார்கள். ஏறுவதற்கு வசதிதான், நான் குறை சொல்லவில்லை. (அப்பாவின் பார் சைக்கிளில் குரங்கு பெடல் போட்டுப் பழகியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.) ஆனால் பார் போனதும் முக்கோணமும் போயிற்று. இரண்டு பைப்பும் பக்கத்துப் பக்கத்தில் கீழே இறங்குகின்றன. சக்கரம் எதிலாவது மோதினால், இழுவையும் அழுத்தமுமாகப் பிரிந்து போக வேண்டிய விசை, பைப்பை வளைக்கப் பார்க்கிறது. எந்தக் குச்சியையும் இழுத்து முறிப்பது கஷ்டம், வளைத்து முறிப்பது சுலபம். அந்த வளைவு அதிகமாக விழும் இடம்தான் முன் மூட்டுக்குப் பக்கத்தில். என் சைக்கிளில் விரிசல் வந்ததும் அதே இடம். பார் இல்லாமல் அதே பலம் வேண்டும் என்றால் பைப்பைக் கனமாகப் போட வேண்டும். அதனால் எடை கூடும்.

பைப் ஏன் உள்ளே காலியாக இருக்கிறது என்று கேட்டால், எடை குறைய என்று எல்லாரும் சொல்லிவிடுவோம். அது பாதிப் பதில்தான். ஒரு முழுத் தாளைப் பென்சில் மாதிரி இறுக்கிச் சுற்றுங்கள். இன்னொரு தாளை அஞ்சு ரூபாய் நாணயம் அகலத்துக்குச் சுற்றி ஒட்டுங்கள். இரண்டையும் இரண்டு பெஞ்சுக்கு நடுவே பாலம் மாதிரி வைத்து, நடுவில் நூல் கட்டி, ஜாமெட்ரி பாக்ஸைத் தொங்க விடுங்கள். அகலமானது குறைவாக வளையும். தாள் ஒன்றுதான், எடையும் ஒன்றுதான். எடையைக் கூட்டாமல் குழாயின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால், அதாவது சுவரைப் பாதியாக மெலிதாக்கினால், வளையாத தன்மை சுமார் நான்கு மடங்கு ஆகும் என்று கணக்கு சார் போட்டுக் காட்டினார். அப்படியென்றால் இன்னும் பெரிதாக்கிக்கொண்டே போகலாமே என்று நான் கேட்டேன். சார் சிரித்துக்கொண்டே, தாளைச் சொம்பு அகலத்துக்குச் சுற்றச் சொன்னார். சுற்றி வைத்தேன். அது வளையவில்லை, நூல் கட்டிய இடத்தில் நசுங்கி மடிந்துவிட்டது. விட்டம், சுவரின் கனம் இரண்டையும் பார்த்துத்தான் பைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதில் இன்னொரு அழகான யுக்தி இருக்கிறது. பர்மிங்ஹாமில் ஆணி செய்து கொண்டிருந்த ரெனால்ட்ஸ் என்ற குடும்பத்தார் 1897-இல் ஒரு பைப்புக்குக் காப்புரிமை வாங்கினார்கள். வெளியே பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே இரண்டு ஓரமும் தடிப்பு, நடுப்பகுதி மெல்லிசு. சூடு படுவதும் விசை சேருவதும் ஓரத்து மூட்டில்தான், அதனால் இரும்பு அங்கே இருந்தால் போதும். நல்ல பைப்பில் நடுச் சுவர் அரை மில்லிமீட்டர் அளவுக்குக்கூட இருக்கும். நம்ம ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் கோட்டில் பாதி! அதன் மேல் ஒரு ஆள் உட்கார்ந்து போகிறார்.

பட்டறைக்குத் திரும்புவோம். அப்பா, "கரண்ட் வெல்டிங்லயே சீக்கிரம் ஒட்டிடுங்களேன்" என்று கேட்டார். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "கேட்டு, ஜன்னலுக்குன்னா அது சரிங்க. இந்தப் பைப்பு தகரம் மாதிரி. ஓட்டை விழுந்துடும். விழாட்டியும் ஒட்டுக்குப் பக்கத்துலயே மறுபடி விட்டுடும்" என்றார். அவர் செய்தது கேஸில் பித்தளை ஒட்டு.

நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். விரிசல் இருந்த இடத்தைச் சுற்றிப் பெயின்டை எல்லாம் உப்புத்தாளால் தேய்த்து வெள்ளியாக்கினார். பழைய சைக்கிள் பைப்பில் ஒரு பட்டை வெட்டி, அரம் போட்டு, அந்த வளைவிலேயே ஒட்டி உட்காருகிற மாதிரி செய்தார். அதற்கே அரை மணி நேரம் ஆனது. பிறகு வெங்காரம் தூவி, கேஸ் தீயால் பைப்பைச் சுட்டார். பைப் செக்கச் சிவந்ததும் பித்தளைக் கம்பியைத் தொட்டார். கம்பி உருகித் தண்ணீர் மாதிரி பட்டைக்கும் பைப்புக்கும் நடுவில் தானாகவே உள்ளே ஓடியது! விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே நுண்புழை ஏற்றம்தான். பித்தளை சுமார் 900 டிகிரியில் உருகிவிடும். இரும்பு உருக 1500 டிகிரி பக்கம் வேண்டும். அதனால் பைப் உருகாமலேயே ஒட்டிக்கொள்கிறது. வெங்காரம் எதற்கு என்றால், சூட்டில் இரும்பின் மேல் வரும் ஆக்சைடைக் கரைத்து விலக்குவதற்கு. அது இல்லாவிட்டால் பித்தளை உருண்டு உருண்டு ஓடிவிடும், ஒட்டாது. இடைவெளி அதிகம் இருந்தாலும் பித்தளை ஏறாது. அதனால்தான் அரத்துக்கு அவ்வளவு நேரம்.

கோணியிருந்த போர்க்கை அவர் நிமிர்த்தவில்லை. "ஒரு தடவை மடங்கினதை மறுபடி மடக்குனா பலம் போயிடும்" என்று சொல்லி வேறு போர்க் போட்டார். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடியும் இல்லையா, அதுதான். பழைய போர்க் இருநூறு ரூபாய், ஒட்டுக் கூலி நூற்றைம்பது.

இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், வெளிநாட்டில் ஆளுக்கு அளவெடுத்து பிரேம் செய்து தருபவர்களும் இன்றைக்கும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். கம்ப்யூட்டர் ரூமில் டீச்சர் தேடிக் காட்டினார். தையல்காரர் மாதிரி முதலில் ஆளை அளக்கிறார்கள். கால் நீளம், உடம்பு நீளம், கை நீளம். பிறகு படம் வரைகிறார்கள். பைப்பை ரம்பத்தால் அறுத்து, முனையை மீன் வாய் மாதிரி வளைவாக அரம் போடுகிறார்கள். ஏனென்றால் உருண்டைப் பைப்பின் மேல் இன்னொரு உருண்டைப் பைப் ஒட்டி உட்கார நேர் வெட்டு உதவாது. (வாழைத்தண்டில் செய்து பாருங்கள், புரியும்.) எல்லாவற்றையும் ஒரு சட்டத்தில் அசையாமல் பிடித்து வைத்துப் பித்தளையோ வெள்ளிக் கலவையோ விட்டு ஒட்டுகிறார்கள். உள்ளே அடைபட்ட காற்று சூடாகி வெளியே போக, பைப்பில் சின்ன ஓட்டை போடுகிறார்கள். சார்லஸ் விதி!

மடக்கு சைக்கிள் செய்பவர்கள் பாடு இன்னும் கஷ்டம். பாரை எடுத்ததற்கே பிரேம் இவ்வளவு பலவீனமாகிறது, நடுவில் வெட்டிக் கீல் வைத்தால் என்ன ஆகும்? இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் குதிக்கும் பிரிட்டிஷ் வீரர்களுக்காகப் பி.எஸ்.ஏ. கம்பெனி மடக்கு சைக்கிள் செய்தது. அதில் மேலே ஒரு கீல், கீழே ஒரு கீல் என்று இரண்டு இருந்தன. இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டதால் பலம் இருந்தது, ஆனால் சக்கரம் பெரியதாகவே இருந்ததால் மடித்தாலும் ரொம்பச் சிறிதாகாது.

லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி என்பவர் 1975-இல் தன் வீட்டு அறையிலேயே ஒரு மடக்கு சைக்கிள் வடிவமைக்க ஆரம்பித்தார். அவர் ஜன்னலிலிருந்து பிராம்ப்டன் ஆரட்டரி என்ற தேவாலயம் தெரியும். அதனால் சைக்கிளுக்குப் பிராம்ப்டன் என்றே பெயர். பல பைப்புக்குப் பதிலாக ஒரே ஒரு தடித்த பைப்பு முதுகெலும்பு மாதிரி தாழ்வாகப் போகிறது, அதில் கீல். (அகலமாகச் சுற்றிய தாளை நினைத்துக்கொள்ளுங்கள்.) பின் சக்கரம் அடியில் மடங்கும், முன் சக்கரம் பக்கவாட்டில் வந்து சேரும், செயின் இரண்டுக்கும் நடுவில் மறைந்துவிடும், துணியில் கிரீஸ் படாது. கடைசியாக சீட்டைக் கீழே இறக்கினால் அதுவே பூட்டு மாதிரி பிடித்துக்கொள்ளும். இப்போதும் லண்டனில் அந்த இரும்பு பிரேமைக் கையால்தான் பித்தளை ஒட்டு வைக்கிறார்கள். ஒட்டியவர் தன் அடையாள முத்திரையையும் அதில் குத்துகிறார். நம்ம பட்டறை மாமாவுக்கு இதைச் சொன்னேன். "நம்ம முத்திரை அந்தப் பட்டையில இருக்கு பாப்பா, பெயின்டு அடிச்சதுல தெரியல" என்றார்.

சின்னச் சக்கரம் என்றால் நிறைய மிதிக்க வேண்டுமே என்று தோன்றும். கணக்குப் போட்டேன். பெரிய சைக்கிள் சக்கரத்தின் விட்டம் சுமார் 71 செ.மீ. ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால், பெடல் ஒரு சுற்றுக்கு 5.4 மீட்டர் போகும். மடக்கு சைக்கிள் சக்கரம் சுமார் 42 செ.மீ., சுற்றுக்கு 1.3 மீட்டர்தான். ஆனால் முன்னால் 50 பல், பின்னால் 13 பல் வைத்தால் 5 மீட்டர் வந்துவிடும். பல்லில் சரிக்கட்டிவிடுகிறார்கள். குழியில் விழுந்தால் குலுங்குவதைத்தான் கணக்கால் சரிக்கட்ட முடியாது. நம்ம ஊர் ரோட்டுக்கு அது லாயக்குப்படாது என்பது என் கருத்து.

இனி என் செருப்பு விஷயம். அமெரிக்காவில் ஜார்ஜினா டெர்ரி என்று ஒரு அம்மா. மெக்கானிக்கல் என்ஜினியரிங் படித்தவர். பிரேம் செய்யத் தானே கற்றுக்கொண்டு, 1985-இல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். குட்டையான பெண்களுக்குச் சைக்கிள் சரியாக அமைவதில்லை என்பதை அவர் கவனித்தார். சின்ன ஆளுக்காக பிரேமைக் குட்டையாக்கினால், சக்கரம் மட்டும் அதே பெரிய அளவில் இருப்பதால் முன் சக்கரம் காலுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. திருப்பினால் கால் விரல் இடிக்கும். படித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்னை மாதிரியே விழுந்தவர்கள் அமெரிக்காவிலும் இருந்திருக்கிறார்கள்! அவர் செய்தது என்ன தெரியுமா? முன் சக்கரத்தை மட்டும் சிறிதாக்கி, 24 அங்குலமாக வைத்து, அதற்கேற்ற மாதிரி பிரேமை வரைந்தார்.

உடனே பட்டறைக்கு ஓடி, எனக்கும் முன்னால் சின்னச் சக்கரம் போடுங்கள் என்றேன். "முன்னாடி இறங்கிடும் பாப்பா, வண்டி குப்புறப் பாக்கும். அதுக்குப் பிரேமே வேற போடணும்" என்று மாமா சொல்லிவிட்டார். யோசித்தால் அவர் சொன்னதுதான் சரி. அந்த அம்மாவும் பிரேமைத்தானே மாற்றினார்.

அதனால் இருக்கிற சைக்கிளை அளந்தேன். சக்கரத்தின் ஆரம், மட்கார்டோடு சேர்த்து 34 செ.மீ. பெடல் கிராங்க் 16.5 செ.மீ. பாதத்தின் முன் பகுதியைப் பெடல் நடுவில் வைத்தால், செருப்பு நுனி பெடலைத் தாண்டி 9.5 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது. கூட்டினால் 60. அதாவது பெடல் அச்சு நடுவிலிருந்து முன் சக்கர அச்சு நடு வரைக்கும் ஏறக்குறைய 60 செ.மீட்டருக்கு மேல் இருந்தால் இடிக்காது. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் அதே மாடல் சைக்கிள் இருக்கிறது. அதில் 61. என்னுடையதில், போர்க் மாற்றுவதற்கு முன் பட்டறையில் அளந்து நோட்டில் குறித்து வைத்திருந்தது 58. மதகில் மோதி உள்ளே வாங்கிய மூன்று சென்டிமீட்டர்தான் என்னை மூன்று தடவை தள்ளியிருக்கிறது! இன்னொன்றும் உண்டு, அது என் தப்பு. நான் பாதத்தின் நடுவைப் பெடலில் வைத்து மிதிப்பேன். அதில் இன்னும் நாலு சென்டிமீட்டர் போய்விடும். இப்போது மாற்றிக்கொண்டேன்.

புதுப் போர்க் போட்ட பிறகு 61 இருக்கிறது. நோட்டை அப்பாவிடம் காட்டினேன். அப்பா இரண்டு தடவை தானே டேப் பிடித்து அளந்து பார்த்துவிட்டு, அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். ஆவணி முதல் தேதியிலிருந்து சைக்கிளில்தான் வருகிறேன். குளத்து முக்கில் இறங்காமலேயே திருப்புகிறேன், வேண்டுமானால் வந்து பாருங்கள்.

இந்தத் தாளுக்குக் கீழே கட்டம் போட்ட வெள்ளைத்தாள் ஒன்று ஒட்டியிருக்கிறேன். பெடல் அச்சு நடுவிலிருந்து முன் சக்கர அச்சு நடு வரை அளந்து, உங்கள் பெயர், வகுப்பு, அளவு மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். அளக்கும்போது ஹேண்டில் பார் நேராக இருக்க வேண்டும். டேப் என்னிடம் இருக்கிறது, இன்டர்வெல்லில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி, சாய்வு பைப்பின் அடியையும் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். பெயின்டில் முடி மாதிரி கோடு தெரிந்தால் அன்றைக்கே பட்டறைக்குப் போய்விடுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி